கால்கட்டு போட்டால் சரியாகாது

ஆட்டிசம் குழந்தைகளுக்கு வருவது, வளர வளர விலகிவிடும் என்றுதான் நம் ஊரில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். மூன்று வயதில் பேச்சு வரவில்லையென்றால் தெரபி. பேச்சு வந்துவிட்டால் பாதி சரி. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டால் முக்கால்வாசி சரி. அதற்குமேலும் பையன் ‘ஒரு மாதிரி’யாகவே இருந்தால் கடைசி வைத்தியம் ஒன்று இருக்கிறது. “ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்” என்று சொல்ல ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெரியப்பா இருக்கிறார்.

இந்த நம்பிக்கை பொய். அறியாமையில் பிறந்த பொய்தான் என்றாலும் அது செய்யும் கேடு சிறியதில்லை. நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஆட்டிசம் என்பது உறுதியானது. பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறேன். பெயர்தான் தாமதமாகத் தெரிந்தது. அதற்குமுன் எனக்கு வேறு பெயர்கள் இருந்தன. அழுத்தக்காரன், உம்மணாமூஞ்சி, யாரோடும் ஒட்டாதவன்.

மருத்துவ உலகில் ஆட்டிசம் பரவலாக அறியப்படக் காரணமான கட்டுரை வந்தது 1943இல். அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் பதினோரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்தப் பட்டியலில் முதல் பெயர் டொனால்ட். முழுப்பெயர் டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூர்க்காரர். அந்தக் குழந்தை என்ன ஆனது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அவர் வளர்ந்து பட்டம் பெற்றார், உள்ளூர் வங்கியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக வெளிநாடுகளுக்குப் போய்வந்தார். 2023 ஜூனில் 89 வயதில் இறந்தார். இறக்கும்வரை அவருக்கு ஆட்டிசம் இருந்தது.

அவர் வாழ்க்கையில் என் மனத்தைத் தொடுவது நடுவில் வந்த ஒரு பகுதி. சிறுவயதில் சில ஆண்டுகள் ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் அவரை விட்டிருந்தார்கள். எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பது டொனால்டின் வழக்கம். சோளக்கொல்லையில் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்த பையனை அந்த விவசாயி அதட்டவில்லை. ஏரைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார். எதைப் பார்த்தாலும் அளக்கும் பையனைக் கிணறு தோண்டவிட்டு ஆழம் எவ்வளவு என்று சொல்ல வைத்தார். பண்ணைக்குப் போய் நேரில் பார்த்த கேனர் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1971இல் அந்தப் பதினோரு பேரும் என்ன ஆனார்கள் என்று கேனர் மறுபடி எழுதியபோது, பெரிய காப்பகங்களில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறமைகளையும் இழந்துபோயிருந்தார்கள். நிலத்தில் வேலையும், ஊரில் ஓர் இடமும் கிடைத்த டொனால்ட் மனிதராக வாழ்ந்தார். எண்ணும் பழக்கத்தை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை.

‘வளர்ந்தால் போய்விடும்’ என்ற நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. போகவில்லை என்று தெரிந்துவிட்டால், இவர் வளரவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாற்பது வயதுக்காரரை ‘குழந்தை மாதிரி’ என்கிறார்கள். அவர் எதிரில் இருக்கும்போதே அவருடைய அம்மாவிடம் “சாப்பிட்டாரா?” என்று கேட்கிறார்கள். சினிமாவும் இதற்குத் துணைபோயிருக்கிறது. 2013இல் வந்த ‘ஹரிதாஸ்’ ஆட்டிசம் உள்ள சிறுவனை அக்கறையோடு காட்டிய படம். அந்தச் சிறுவனுக்கு முப்பது வயதாகும்போது என்ன நடக்கும் என்பதைக் காட்டும் படம் தமிழில் நான் பார்க்கவில்லை. 2011இல் வந்த ‘தெய்வத் திருமகள்’ நாயகனுக்கு உடல் பெரியவருடையது, மனம் சிறுபிள்ளையுடையது. அவருக்கு ஆட்டிசம் என்று படம் சொல்லவில்லை. ஆனாலும் என்னைப் போன்றவர்களைப் பற்றித் தெரிந்ததும் பலர் அந்தப் படத்தைத்தான் சொல்கிறார்கள். ஆக, நாங்கள் குணமானவர்களாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தைகளாக இருக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள வயதுவந்த மனிதர் என்று ஒருவர் இருக்கவே கூடாது.

அப்படி ஒருவருடைய நாள் எப்படிப் போகும்? ஸ்ரீரங்கத்திலிருந்து 1ஆம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வருவதற்குள் ஏர்ஹாரன் சத்தம் என் உடம்பு முழுக்க இறங்கிவிடும். மற்றவர்கள் காதால் கேட்பதை நான் பல்லாலும் தோலாலும் கேட்கிறேன். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது எழுந்து வாசலுக்குப் போய் நிற்பேன். மாப்பிள்ளையைப் பிடிக்காமல் போய்விட்டதாகப் பேசிக்கொள்வார்கள். கஞ்சி போட்ட சட்டையின் காலர், பக்கத்து இலைக்காரரின் சென்ட், ஓயாமல் துடிக்கும் டியூப்லைட் எல்லாம் சேர்ந்து அழுத்தும். சொல்லாமல் வரும் விருந்தாளி அன்றைய நாளையே குலைத்துவிடுவார். தினமும் ஒரே தயிர்சாதம் எனக்கு அலுப்பதில்லை. அது தரும் நிம்மதியை விதவிதமான பதார்த்தங்கள் தந்ததில்லை. புலன்கள் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சேர்த்தார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் இன்னமும் ‘ஓவர் ஆக்டிங்’.

இதையெல்லாம் மறைக்கப் பழகியவர்களைத்தான் உலகம் ‘சரியாகிவிட்டவர்கள்’ என்கிறது. கண்ணைப் பார்க்க முடியாமல் புருவத்தைப் பார்த்துப் பேசுகிறோம். சிரிக்க வேண்டிய இடத்தை அடுத்தவர் முகத்தில் பார்த்துச் சிரிக்கிறோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் உடம்பு கழன்றுவிடுகிறது. 2014இல் இங்கிலாந்தில், வயதுவந்த பிறகு ஆஸ்பெர்கர் வகை ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட 374 பேரிடம் ஆய்வு செய்தார்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 66 விழுக்காடு. 2018இல் வந்த இன்னொரு ஆய்வு, தன்னை மறைத்துக்கொண்டு வாழ்வதற்கும் அந்த எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ‘சரியாகிவிட்டான்’ என்று மகிழும் பெற்றோரே, அந்த 66 என்ற எண்ணைத் தயவுசெய்து ஒருமுறை நின்று படியுங்கள்.

கால்கட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டிசம் உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்துகொண்டு நிறைவாக வாழ்பவர்கள் உண்டு. தான் யார் என்பதைத் தானும் தெரிந்துகொண்டு, வரப்போகிறவரிடமும் சொல்லிச் செய்தவர்கள் அவர்கள். மருந்தாக நினைத்துச் செய்யும் கல்யாணத்தில் மருந்து என்பது ஒரு பெண். ஜாதகத்தைக் காட்டுகிறார்கள், சம்பளத்தைக் காட்டுகிறார்கள், இதை மட்டும் மறைத்துவிடுகிறார்கள். கணவர் ஏன் பேசுவதில்லை, தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவள் ஆண்டுக்கணக்கில் தவிக்கிறாள். அவரும் ஏன் என்று தெரியாமலே தவிக்கிறார். ஆட்டிசம் உள்ள பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். புகுந்த வீட்டில் அவளுக்கு உடனே கிடைக்கும் பட்டம், திமிர் பிடித்தவள்.

எங்களுக்கு உணர்ச்சி கிடையாது, யாரோடும் பழகத் தெரியாது என்பதும் இதே மரத்தின் கிளைதான். அப்படிச் சொல்கிறவர்கள் வாரநாளில் ஒருமுறை திருச்சிக்குப் பக்கத்திலுள்ள முக்கொம்புக்கு வர வேண்டும். ஆடிப்பெருக்கிலும் காணும் பொங்கலிலும் அங்கே கால்வைக்க இடமிருக்காது. நாங்கள் சிலர் யாரும் வராத நாளாகப் பார்த்துப் போவோம். அங்கிருக்கும் மேலணையின் கதை முழுக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் எங்களில் இருக்கிறார். கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு காவிரி தூர்ந்துபோகாமலிருக்க 1830களில் ஆர்தர் காட்டன் இந்த அணையைக் கட்டியதிலிருந்து தொடங்குவார். 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டதுவரை நிறுத்தாமல் சொல்வார். சொந்தக்காரர்கள் மத்தியில் இதை ஆரம்பித்தால் “போதும்டா” என்று வாயை அடைப்பார்கள். இங்கே யாரும் அடைப்பதில்லை. எங்களோடு வரும் அக்கா ஒருவர் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். “என்னாச்சு?” என்று யாரும் கேட்பதில்லை. இன்னொருவருக்குப் பேச்சே கிடையாது. டேப்லெட்டில் படங்களைத் தொட்டுப் பேசுவார். அவர் பதிலுக்கு நாங்கள் காத்திருப்போம். காத்திருப்பது எங்களுக்குச் சுலபம்.

2012இல் டேமியன் மில்டன் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். அவருக்கும் ஆட்டிசம் உண்டு. புரிந்துகொள்ளாமை ஒருபக்கக் குறை கிடையாது. இரண்டு வகை மனிதர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள் என்றார். 2020இல் எட்டு எட்டுப் பேராக வரிசையில் வைத்து ஒரு கதையைக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையில் கதை மற்றவர்கள் வரிசையைப் போலவே நன்றாகக் கடந்தது. கலந்து நின்ற வரிசையில்தான் அதிகம் தவறிப்போனது. 2025இல் கூடுதலான ஆட்களோடு மறுபடி செய்தபோது மூன்று வகை வரிசைக்கும் வேறுபாடு தெரியவில்லை. கலந்து நிற்பதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கட்டும். எங்களுக்குள் எங்களுக்குப் பேசத் தெரியும் என்பதை இரண்டு முறையும் பார்த்தாயிற்று.

முக்கொம்புக்கு மேற்கே, ஆற்றின் வடகரையில் குணசீலம் இருக்கிறது. மனநலம் குன்றியவர்களை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், பெருமாள் சந்நிதியில் தங்கவைக்கும் வழக்கம் தலைமுறைகளாக அங்கே உண்டு. அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு அது ஆறுதல். ஆட்டிசம் மனநோய் இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் நண்பர் ஒருவரை இளைஞராக இருந்தபோது அங்கே கூட்டிப்போனார்கள். அந்த நாட்கள் தனக்குப் பிடித்திருந்ததாக அவர் சொல்கிறார். “ஒரே நேரத்துக்கு பூஜை, ஒரே நேரத்துக்கு சாப்பாடு. மூஞ்சில தண்ணி தெளிப்பாங்க, ஆனா எப்ப தெளிப்பாங்கன்னு தெரியும், அதனால தாங்கிக்கிட்டேன். கண்ணைப் பாத்துப் பேசுன்னு யாரும் சொல்லலை.” அமைதியாக இருந்த பையனைப் பார்த்துக் குணமாகிவிட்டதாக வீட்டார் மகிழ்ந்தார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் டிவி சத்தம், விருந்தாளி, பெண் பார்க்கும் படலம் என்று எல்லாம் பழையபடி தொடங்கின. அவரும் பழையபடி ஆனார். அவரை அமைதிப்படுத்திய நேர ஒழுங்கை வீட்டிலேயே கொடுத்திருக்க முடியும். அதை யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பின் குணப்படுத்துவதாகச் சொன்னவர்களிடமெல்லாம் பணம் போனது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே 2022 இறுதியில் சொல்லிவிட்டது. கேட்பவர்கள் எத்தனை பேர்?

இந்த இடத்தில் சில பெற்றோர் என்மேல் கோபப்படுவார்கள் என்று தெரியும். “நீங்க எழுதறீங்க, பஸ்ல போறீங்க. என் பையனுக்கு இருபத்தஞ்சு வயசு, பேச்சு கிடையாது, குளிப்பாட்டி விடணும். எனக்கப்புறம் அவனுக்கு யாரு?” அந்தக் கேள்விக்கு முன்னால் நான் வாய்சாமர்த்தியம் காட்ட மாட்டேன். அவர் மகனுக்கு வாழ்நாள் முழுக்க ஆள்துணை வேண்டும். ஏற்றுக்கொள்வது என்றால் உதவி வேண்டாம் என்பது பொருளில்லை. நான் கண்டிக்கும் நம்பிக்கை அதிகமாக வஞ்சிப்பது அந்த அம்மாவைத்தான். ஆட்டிசம் குழந்தைகளுடையது என்று நினைப்பதால்தான் எங்கே பார்த்தாலும் குழந்தைகளுக்கான தெரபி மையங்கள் இருக்கின்றன. பதினெட்டைத் தாண்டியவர் பகலில் போய் வேலை கற்றுக்கொள்ள, கூட்டாகத் தங்க, வயதான பெற்றோருக்குப் பின் வாழ இடங்கள் அரிதாக இருக்கின்றன. ‘சரியாகிவிடும்’ என்று இருபது ஆண்டு காத்திருந்த குடும்பம் அதற்கான பணத்தையும் நேரத்தையும் சேர்த்துவைக்கவில்லை. அரசும் சேர்த்துவைக்கவில்லை.

அரசின் காகிதத்திலும் இதே நம்பிக்கை படிந்திருக்கிறது. சான்றிதழுக்காக நம் நாட்டில் பயன்படுத்தும் அளவுகோலில் 40 கேள்விகள். தனியாக, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறாரா என்பது அதில் ஒன்று. ஐம்பது வயதுக்காரர் இதற்கு என்ன பதில் சொல்வார்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. மற்ற எவரையும்போல எங்களுக்கும் சட்டத்தின்முன் சமமான தகுதி உண்டு என்று அதன் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி பதினெட்டைத் தாண்டியவருக்கும் காப்பாளர் நியமிக்கலாம். நியமிப்பது மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்க் குழு. அதில் குறைந்தது மூன்று பேர்: ஆட்சியர் நிலையில் ஓர் அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர். அந்த மூன்றாமவர் யார் என்பதற்கு 1999 சட்டம் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தைக் கைகாட்டியது. அந்தப் பழைய பட்டியலின் ஏழு வகைகளில் ஆட்டிசம் கிடையாது. எங்கள் வாழ்க்கையை யார் கையில் ஒப்படைப்பது என்று முடிவெடுக்கும் மேசைக்கு எங்களை அழைக்கச் சட்டமே மறந்துபோயிருந்தது.

பழைய சட்டம் போய்விட்டது. புதிய பட்டியலில் நாங்கள் இருக்கிறோம். எனவே திருச்சி மாவட்டக் குழுவின் அந்த மூன்றாவது நாற்காலியில் ஆட்டிசம் உள்ள, வயதுவந்த ஒருவரை உட்காரவைக்க வேண்டும் என்று கேட்கிறேன். அவருக்குத் தேவைப்படுபவை அதிகமில்லை. கூட்டத்தில் பேசப்போகும் விஷயங்களை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். துடிக்கும் டியூப்லைட்டை மாற்றிவிட வேண்டும். வாயால் சொல்ல முடியாத பதிலை அவர் எழுதியோ டேப்லெட்டில் காட்டியோ தரலாம் என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும்.