கருணைக்கும் கெடு வேண்டும்

அரசு ஊழியர் பணிக்காலத்தில் இறந்தால் வாரிசுக்குக் கருணை வேலை. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்குக் கருணைத் தொகை. இரண்டு மூன்று மதிப்பெண்ணில் தேர்ச்சி நழுவினால் கருணை மதிப்பெண். தூக்குத் தண்டனை உறுதியாகிவிட்டால் கருணை மனு. நம் அன்றாடத்தில் கருணை என்ற சொல் இப்படி அரசாணைகளோடும் விண்ணப்பங்களோடும்தான் பெரும்பாலும் வருகிறது. கேட்பவர் காத்திருக்க வேண்டும். கொடுப்பவர் எப்போது கொடுப்பார் என்று கேட்கக் கூடாது. இந்த ஏற்பாடு அநியாயமானது.

கருணை வேலையையே பாருங்கள். சம்பாதித்தவர் திடீரென்று போய்விட்ட குடும்பம் நெருக்கடியிலிருந்து மீளத்தான் இந்தச் சலுகை, இதை உரிமையாகக் கோர முடியாது என்று 1994இல் உமேஷ்குமார் நாக்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று தாசில்தார் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கணவனை இழந்த பெண் கெடுவுக்குள் மனுவைக் கொடுத்துவிடுகிறார். அதன்பிறகு, “பேர் லிஸ்ட்ல இருக்கும்மா, காலியிடம் வந்தா கூப்பிடுவோம்” என்ற பதில்தான். கெடு அவருக்கு மட்டும்தான்.

கருணை மனுவில் இதே கோளாறு உயிரோடு விளையாடுகிறது. தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் குடியரசுத் தலைவருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 72ஆவது பிரிவும், ஆளுநருக்கு 161ஆவது பிரிவும் அதிகாரம் தருகின்றன. பதவியில் இருப்பவரின் மனம் இரங்கினால் கிடைப்பது என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். ஆனால், அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் குடியரசுத் தலைவரும் ஆளுநரும் நடக்க வேண்டும் என்று 1980இல் மாரு ராம் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. கேஹர் சிங் வழக்கில், சாட்சியங்களைக் குடியரசுத் தலைவர் புதிதாகப் பரிசீலித்து நீதிமன்றத்திலிருந்து மாறுபட்ட முடிவுக்கும் வரலாம் என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

அப்படி ஒரு வழி ஏன் தேவை? ராஜஸ்தானைச் சேர்ந்த ராவ்ஜி 1996இல் தூக்கிலிடப்பட்டார். அவர் வழக்கின் தீர்ப்பை முன்மாதிரியாகக் கொண்டு தண்டிக்கப்பட்ட சுர்ஜா ராம் 1997இல் தூக்கிலிடப்பட்டார். ராவ்ஜி தீர்ப்பு சட்டப்படி பிழையானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2009இல். அதே பிழையான வழியில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த 13 பேரைக் காப்பாற்றும்படி 2012இல் முன்னாள் நீதிபதிகள் 14 பேர் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். கருப்பு அங்கியைக் கழற்றி வைத்த நீதிபதிகளுக்கும் தட்டுவதற்கு அந்த ஒரு கதவுதான் இருந்தது.

அந்தக் கதவுக்குப் பின்னால் காலம் எப்படிப் போகும் என்பதை, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனிடம் பார்த்தோம். 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. அவரும் அதே வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற முருகனும் சாந்தனும் 2000ஆம் ஆண்டு அனுப்பிய கருணை மனுக்கள் 2011 ஆகஸ்டில்தான் நிராகரிக்கப்பட்டன. பதினோரு ஆண்டு அசையாத கோப்பு அசைந்ததும், செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திராவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும். அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டி 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2018 செப்டம்பரில் அந்த வழக்கில் சிறையில் இருந்த எழுவரையும் விடுவிக்கத் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுக்கு மேல் அதை வைத்திருந்து, 2021இல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம்தான் பேரறிவாளனை விடுவித்தது. அவருடைய தாய் அற்புதம் அம்மாள் சிறைக்கும் கோட்டைக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தது முப்பது ஆண்டுக்கு மேல்.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களின் குடும்பங்களும் இதே காலம் முழுவதும் காத்திருந்தன. அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குறைப்பதோ மறுப்பதோ, ஆறு மாதத்தில் முடிவு தெரிந்திருந்தால் இரு பக்கத்துக்கும் அத்தனை ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

தாமதத்தைச் சொன்னால் அவசரத்தையும் சொல்ல வேண்டும். நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற அப்சல் குருவின் மனு 2013 பிப்ரவரி தொடக்கத்தில் நிராகரிக்கப்பட்டு, 9ஆம் தேதி திகார் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். குடும்பத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்பிய கடிதம் காஷ்மீருக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. மனைவியும் மகனும் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட விடப்படவில்லை. மறு ஆண்டு சத்ருகன் சௌகான் வழக்கில், நிராகரிப்பைத் தெரிவித்த பிறகு 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்தது. அதே தீர்ப்பில்தான் தாமதத்துக்காகவும் மனநோய்க்காகவும் 15 பேரின் தூக்கு ஆயுளாகக் குறைந்தது.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆவது பிரிவு இப்போது கெடு விதிக்கிறது. கைதி 30 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மாநிலத்தின் கருத்து கிடைத்த 60 நாளுக்குள் மத்திய அரசு பரிந்துரைக்க வேண்டும். அந்த மாநிலக் கருத்து எத்தனை நாளில் வர வேண்டும்? கெடு இல்லை. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் இல்லை. குடியரசுத் தலைவர் முடிவுக்கு எப்படி வந்தார் என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்று வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். மன்னிப்பு அதிகாரமும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்று 2006இல் ஏபுரு சுதாகர் வழக்கில் சொல்லப்பட்ட பிறகும் இப்படி ஒரு வாசகம்.

இந்தத் தடையை நீக்க வேண்டும். மாநிலம் கருத்துச் சொல்ல 60 நாள், இறுதி முடிவுக்கு ஆறு மாதம் என்று அதே பிரிவில் எழுத வேண்டும். முடிவின் காரணத்தை ஒரு பக்கமாவது எழுதி, சிறையில் இருப்பவருக்கும் கொலையுண்டவரின் வீட்டுக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும்.