அண்ணன் விட்ட ஒன்பதாம் வகுப்பு



ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று யோசித்தபோது, எங்கள் வீட்டுக் கதையையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமத்தான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான்.

என் அண்ணன் என்னைவிட நன்றாகப் படிப்பான். அவன் எட்டாவது முடித்த வருடம், அப்பா மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தை நெரித்தது. "இந்த ஒரு வருஷம் கடலுக்கு வாடா, அடுத்த வருஷம் ஸ்கூல்ல சேர்ந்துக்கலாம்" என்றார். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

நானும் சும்மா இருந்ததில்லை. விடிகாலையில் வலையிலிருந்து நண்டு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடுவேன். கொடுக்கு கிழித்த விரலால் பென்சில் பிடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். உள்ளூரப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போய்விடுவார்கள். கை காந்தும். அந்தக் கையால் கண்ணைத் துடைத்தால் கண்ணும் எரியும். முழுப் பரீட்சையும் அதே சமயத்தில்தான்!

குழந்தைத் தொழிலாளர் என்றதும் நமக்குத் தீப்பெட்டி ஆபீசும் பட்டாசுக் கம்பெனியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025ல் வெளியிட்ட கணக்கு என்ன சொல்கிறது? 2024ல் உலகில் சுமார் 13 கோடியே 80 லட்சம் குழந்தைத் தொழிலாளர்கள். அவர்களில் 100க்கு 61 பேர் விவசாயத்தில். மீன்பிடிப்பும் ஆடுமாடு மேய்ப்பதும் இதில் சேர்த்தி. ஃபேக்டரி என்றால் ரெய்டு போகலாம். வயலுக்கும் கடலுக்கும் கேட் ஏது?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1986ல் வந்த சட்டத்தை 2016ல் திருத்தி, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்றார்கள். ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழில் என்றால், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் உதவலாம். எங்கள் ஊரில் எல்லாமே குடும்பத் தொழில்தானே! காலை 4 மணியும் 'பள்ளி நேரம் போக' தானே! 14 நிரம்பிவிட்டால் ஆபத்தானவை என்று பட்டியலிட்ட வேலைகளுக்கு மட்டுமே தடை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைதான். இரண்டு சட்டமும் கையை விடுகிற அந்த வயதில்தான் என் அண்ணன் படகில் ஏறினான்.

அப்பாவைக் குறை சொல்ல மனசு வரவில்லை. முன்பணம் கொடுத்தவரிடமே மீனைப் போட வேண்டும். அவர் சொன்னதே விலை. கடன் எப்படி அடையும்? கூலிக்கு ஆள் வைத்தால் பங்கு கொடுக்க வேண்டும், பெற்ற மகனுக்குக் கொடுக்க வேண்டாம்! ஆகவே வெறும் தடையால் பயனில்லை என்பது என் கருத்து. கல்வி உரிமை 18 வயது வரை நீள வேண்டும். மீனவனுக்கும் சிறு விவசாயிக்கும் முன்பணத்துக்குப் பதிலாகக் கூட்டுறவுக் கடன் தடையில்லாமல் கிடைக்க வேண்டும்.

போன லீவில், "அண்ணே, உன்னாலதான் நான் படிக்கிறேன்" என்றேன். "வீட்டுல ஒருத்தன் கடல்ல கெடந்தா போதும்டா தம்பி" என்று சொல்லிவிட்டு வலையைப் பொத்த ஆரம்பித்தான். அந்த ஒருத்தனுக்குப் படிக்க ஆசை இருந்ததா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நண்பர்களே! ஜூன் மாதம் ஊருக்குப் போனால், எட்டாவது முடித்த பிள்ளைகள் ஒன்பதாவதில் சேர்ந்தார்களா என்று வீடு வீடாகக் கேளுங்கள். சேராதவனைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். நாம் படித்த படிப்புக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?