காலைக் காக்கும் சொந்த உயிரணு

காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டால், அடைப்பைச் சுற்றி மாற்றுக் குழாய் வைத்துத் தைப்பது ரணசிகிச்சையில் நெடுநாளைய வழக்கம். நோயாளியின் சொந்தக் காலிலிருந்து எடுக்கும் குழாயே அதற்கு உத்தமமானது. அது கிடைக்காதவர்க்குச் செயற்கைக் குழாயே கதி. அதுவோ நாளடைவில் இரத்தம் உறைந்து அடைபடுவதுண்டு. முடிவில் காலையே இழக்க நேருவோரும் உளர்.

காரணம் யாது? இயற்கைக் குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காய்ப் படர்ந்துள்ள உயிரணுக்கள், இரத்தம் உறையாதபடி தடுக்கும் பொருள்களை ஓயாது சுரக்கின்றன. செயற்கைக் குழாய்க்கு இக்காவல் இல்லை. தையலிட்ட ஓரங்களிலிருந்து உயிரணுக்கள் தாமாக ஊர்ந்து வரினும், மனித தேகத்தில் அவை சிறிது தூரத்திலேயே நின்று விடுகின்றன.

அவ்வாறாயின் நோயாளியின் சொந்த உயிரணுக்களையே குழாயினுள் பதித்தால் என்ன? 1978இல் அமெரிக்க ரணவைத்தியர் மால்கம் ஹெர்ரிங் நாய்களிடம் இதைச் செய்து காட்டினார். மனிதரிடமோ, உடனுக்குடன் தூவிய உயிரணுக்கள் போதிய அளவு ஒட்டி நிற்கவில்லை. வியன்னாவில் டாய்ச், ஸில்லா முதலியோர் பொறுமையான வழியைக் கைக்கொண்டனர். நோயாளியின் சிறு இரத்தக் குழாய்த் துண்டொன்றிலிருந்து உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கி, குழாயின் உட்புறம் முழுவதையும் மூடிய பின்னரே காலில் வைத்தனர். 1989இல் தொடங்கிய இவர்களது முதற் சோதனையில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அடைபடாதிருந்த குழாய்கள் நூற்றுக்கு 65. வெறுங் குழாய்களில் 16 மட்டுமே.

இத்துணை வேற்றுமை கண்ட முறை உலகெங்கும் பரவியிருக்க வேண்டும். பரவவில்லை. சோதனைக்கு உட்பட்டவர் தொகை சிறிதென்பது மெய்யே. வாரக்கணக்கில் காத்திருக்க இயலாத நோயாளிகளுக்கு இது உதவாதென்பதும் மெய்யே. ஆனால் பெரிய தடை வேறொன்று என்பது நமது அபிப்பிராயம். ஒருவர்க்கென வளர்த்த உயிரணு மற்றொருவர்க்குப் பயன்படாது. ஆயிரக்கணக்கில் செய்து அலமாரியில் அடுக்கி விற்க முடியாது. ஆகவே வியாபாரிக்கு இதில் ஊக்கமில்லை. அன்னியர் உயிரணுவால் வளர்த்து, பின்னர் அவ்வுயிரணுக்களை நீக்கி, எவர்க்கும் பொருந்துமாறு செய்த குழாய்க்கு அமெரிக்க அரசாங்கம் 2024 டிசம்பரில் அனுமதி தந்தது. காயம்பட்ட கைகால்களின் அவசர சிகிச்சைக்கு அது நன்மையே. அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் அதனைக் காட்டி மற்றதைக் கைவிடுவது நியாயமாகாது.

விற்பனைக்கு ஏற்றதே சிகிச்சை என்றால், வைத்தியத்திற்குச் சந்தையே எஜமானன் ஆகிவிடும். இத்தகைய காரியங்களைப் பொது ஜனங்களின் வரிப்பணத்தால் நடைபெறும் ஆஸ்பத்திரிகளே மேற்கொள்ள வேண்டும். உயிரணு வளர்க்கும் சாலைகளை அங்கே நிறுவி, அதிகப்படியான நோயாளிகளிடம் முறையைச் சோதித்து, பலனை ஒளிவின்றி வெளியிடுவது அரசாங்கங்களின் கடமை. செலவு மிகுதி என்போர், காலிழந்த உழைப்பாளி ஒருவனும் அவன் குடும்பமும் ஆயுள் முழுதும் சுமக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுவார்களாக.