பிறந்த நாள் பாட்டு: நவம்பர் தந்த குரல்கள்



போன இதழில் அக்டோபர்க்காரர்களைப் பார்த்தோம். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். இந்த முறை நவம்பர். பாடகிகளுக்கென்றே வாய்த்த மாதமோ என்று நினைக்கும்படி வரிசையாக வந்து பிறந்திருக்கிறார்கள்!

அதற்கு முன்னால் ஒரு கடிதம். எங்கள் அயோத்தியாப்பட்டணத்திலேயே இருக்கும் ஒரு சகோதரி எழுதியது. பேர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எழுதியபடியே தருகிறேன்:

"பொண்ணு ஒன்பதாவது படிக்குதுங்க. நல்லாத்தான் பாடும். ஸ்கூல்ல பிரேயர் பாடற குரூப்புல இருந்து எடுத்துட்டாங்க. குரல் தடியா இருக்குதாம், மத்த பிள்ளைங்களோட ஒட்டலியாம். எங்க மாமியாரும், 'ஆம்பளைக் குரலை வெச்சுக்கிட்டு எதுக்குப் பாட்டு? பேசாம படிக்கச் சொல்லு'ங்கறாங்க. நான் கல்யாணத்துக்கு முந்தி கோதண்டராமர் கோயில் பஜனையில பாடினவ. இப்பத் தாலாட்டோட சரி. அதுவும் என்னை மாதிரி பாதியில நிறுத்திடுமோன்னு மனசு அடிச்சுக்குதுங்க. என்ன செய்யட்டும்?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதை விட, நவம்பரில் பிறந்தவர்களே சொல்லட்டுமே. வாருங்கள், தேதி வாரியாகப் பார்ப்போம்.

நவம்பர் 3: ஜிக்கி

பிள்ளவாலு கஜபதி கிருஷ்ணவேணி என்றால் யாருக்கும் தெரியாது. ஜிக்கி என்றால் பாட்டிமார்களுக்கெல்லாம் முகம் மலர்ந்துவிடும். 1935இல் பிறந்தவர். 1943இல் வந்த 'பந்துலம்மா' என்ற தெலுங்குப் படத்தில் பாடியபோது, நம் வீட்டில் மூன்றாம் வகுப்புப் போகிற குழந்தை இருக்குமே, அந்த வயசுதான்.

நம் சேலத்துக்காரர்கள் மறக்கக் கூடாத சேதி ஒன்று உண்டு. ஏற்காடு போகும் வழியில் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கிறது அல்லவா? 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் மிச்சம் அது. அந்தக் கம்பெனி 1950இல் எடுத்த படம் 'மந்திரி குமாரி'. கலைஞர் மு. கருணாநிதி வசனம், ஜி. ராமநாதன் இசை. அதிலே மலை உச்சிக்குக் கூட்டிப் போகிற பாட்டு இருக்கிறதே, திருச்சி லோகநாதனோடு சேர்ந்து அதைப் பாடியது ஜிக்கிதான். அப்போது அவருக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை! கேட்டுப் பாருங்கள், நம்பவே முடியாது.

பின்னாளில் உடன் பாடிய ஏ.எம். ராஜாவையே மணந்துகொண்டார். பெரிய குடும்பம். கணவர் 1959இல் 'கல்யாண பரிசு' படத்துக்கு இசையமைத்துப் புகழின் உச்சிக்குப் போனார். ஜிக்கியின் திரைப்பாட்டோ பிள்ளைகள் வளர வளரக் குறைந்துபோனது. 1989 ஏப்ரலில், நெல்லைச் சீமை வள்ளியூர் ரயில் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் ராஜா மறைந்தார். அந்த இடியில் சில காலம் பாட்டையே விட்டிருந்த ஜிக்கி, பிறகு மகன்களைச் சேர்த்துக்கொண்டு இசைக்குழு அமைத்து மறுபடியும் மேடை ஏறினார். ஐம்பது வயசைக் கடந்த பிறகு! கடைசியில் புற்றுநோயோடு போராடி 2004 ஆகஸ்டு 16 அன்று கண் மூடினார்.

நவம்பர் முதல் பாதி: உஷா உதுப்

கடிதம் எழுதிய சகோதரி இந்தப் பகுதியை மாமியாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

உஷா 1947 நவம்பரில் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா போலீஸ் அதிகாரி. அக்காமார்களும் பாடகிகள். வீட்டில் ரேடியோ சிலோன் ஓயாமல் பாடும். கர்நாடக சங்கீதமும் கேட்கும், இந்துஸ்தானியும் கேட்கும், மேல்நாட்டுப் பாட்டும் கேட்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில்? பாட்டு வகுப்பில் அவரைச் சேர்க்கவில்லை. குரல் கனமாக இருக்கிறது, மற்ற பெண்களோடு சேரவில்லை என்றார்கள். இருந்தாலும் பெண்ணுக்கு இருந்த ஆசையைப் பார்த்து, தாளக் கட்டையையும் முக்கோணக் கம்பியையும் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னார்கள். சங்கீதம் முறையாகப் படிக்காத அந்தப் பெண் தாளம் தட்டிக்கொண்டே பாட்டைப் பிடித்துக்கொண்டது.

1969இல், இருபது வயசைத் தாண்டிய சமயம், சென்னை மவுண்ட் ரோடு சபையர் தியேட்டர் கட்டடத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில் பாடினார். ஜாஸ், பாப் என்று மேல்நாட்டு மெட்டுகளாகவே ஒலிக்கும் இடம். அங்கே பாடுகிற பெண்கள் கவுன் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். உஷா என்ன செய்தார் தெரியுமா? காஞ்சிபுரம் பட்டுப்புடவை கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, தலையில் பூவோடு போய் நின்றார். அதே கோலத்தில் அமெரிக்காவின் கிராமியப் பாட்டான கன்ட்ரி வகையைச் சேர்ந்த ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டை இசைத்தட்டிலும் பாடிக் கொடுத்தார். உஷா ஐயர் என்ற பேரில் வந்த தட்டு அது.

சென்னையிலிருந்து கல்கத்தா பார்க் தெருவின் 'டிரிங்காஸ்' உணவு விடுதிக்குப் போனார். அங்கேதான் ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்தார், பின்னர் மணந்தார். தமிழில் 1975இல் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் 'மேல்நாட்டு மருமகள்', 1990இல் இளையராஜா இசையில் 'அஞ்சலி' என்று அவர் பாடிய பாட்டுகள் உங்களுக்கு நினைவிருக்கும். 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண்.

எந்தக் குரலைப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றதோ, அதே குரல்தான் அவருக்கு அடையாளமாயிற்று. மெல்லிசான குரலாக அவருக்கு இருந்திருந்தால் நூறு பேரில் ஒருவராக இருந்திருப்பார். 'ஆம்பளைக் குரல்' என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

நவம்பர் 13: பி. சுசீலா

1935இல் விஜயநகரத்தில் வக்கீல் முகுந்த ராவ் வீட்டில் பிறந்தவர். ஊரில் இருந்த மகாராஜா சங்கீதக் கல்லூரியில் படித்தவர். இசையமைப்பாளர் பெண்டியாலா நாகேஸ்வர ராவ் தேர்ந்தெடுத்து, 1953இல் வந்த 'பெற்ற தாய்' படத்தில் ஏ.எம். ராஜாவோடு பாட வைத்தார்.

தமிழ் தாய்மொழி அல்ல. ஏ.வி.எம். நிறுவனம் அவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, தமிழ் உச்சரிப்புக்கென்றே வாத்தியார் வைத்துக் கற்றுக்கொடுத்தது. அவர் பாடும் ழகரத்தைக் கேட்டு நம் பிள்ளைகள் திருத்திக்கொள்ளலாம். அவ்வளவு சுத்தம்! பாடகிகளுக்குத் தேசிய விருது என்று ஒன்றை ஏற்படுத்தியபோது, முதல் முதலாக அதை வாங்கியவர் சுசீலாதான். 1968இல் வந்த 'உயர்ந்த மனிதன்' படப்பாட்டுக்காக. மொத்தம் ஐந்து முறை அந்த விருது. ஆறு மொழிகளில் 17,695 பாட்டுகள் என்று 2016இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

கல்யாணம் ஆனது 1957இல். கணவர் மோகன ராவ் டாக்டர். ஒரு மகன். சுசீலா பாடியதில் பெரும்பகுதி கல்யாணத்துக்குப் பிறகு பாடியதுதான் என்பதைக் கவனியுங்கள். 2008இல் பத்மபூஷண் வந்தது. அதே ஆண்டில் தம் பேரில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கி, நலிந்த இசைக் கலைஞர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கிடைக்க வழி செய்தார்.

நவம்பர் 26: டினா டர்னர்

கடல் கடந்து ஒருவரைப் பார்த்துவிட்டு வருவோம். 1939இல் பிறந்து, அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தின் நட்புஷ் என்ற சிற்றூரில் வளர்ந்த கறுப்பினப் பெண். பெற்றோர் வைத்த பேர் அன்னா மே புல்லக். ஐக் டர்னர் என்பவரின் இசைக்குழுவில் சேர்ந்தார். அவர்தான் 'டினா டர்னர்' என்று பேர் வைத்தார். பிறகு கணவரும் ஆனார். சோல் இசையும் ராக் இசையுமாக இருவரும் கொடி கட்டிப் பறந்தார்கள். மேடையில் கைதட்டல், வீட்டில் அடி உதை.

1976இல் ஒரு நாள், கையில் ஒரு டாலருக்கும் குறைவான சில்லறையோடு அந்த மனிதரை விட்டு வெளியேறினார். விவாகரத்தில் அவர் விடாமல் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: டினா டர்னர் என்ற பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன இடங்களில் பாடிக் கடனை அடைத்தார். 1984இல், நாற்பத்து நான்காம் வயதில், 'பிரைவேட் டான்சர்' என்ற இசைத்தட்டு வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு கிராமி விருதுகள். 'ராக் அண்டு ரோல் ராணி' என்ற பட்டம் அவருக்கே நிலைத்தது. 2023 மே 24 அன்று சுவிட்சர்லாந்தில் காலமானார்.

வயசு நாற்பதாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அலுத்துக்கொள்ளும் தோழிகள், இதை வெட்டி எடுத்து அஞ்சறைப் பெட்டி மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

நவம்பர் 30: வாணி ஜெயராம்

கடைசித் தேதிக்கு நம் வேலூர்க்காரர். 1945இல் பிறந்த கலைவாணி. எட்டு வயசில் சென்னை வானொலியில் பாடிய குழந்தை. வளர்ந்து பட்டம் பெற்று ஸ்டேட் பாங்கில் வேலைக்குச் சேர்ந்தார். எந்த வீட்டிலும் 'இனி என்ன கவலை' என்று நிம்மதியாக உட்காரும் கட்டம் இது.

1969 வாக்கில் கல்யாணம். கணவர் ஜெயராம் சிதார் தெரிந்தவர். பம்பாயில் குடித்தனம். மனைவியின் குரலைக் கேட்டு, "இந்துஸ்தானியும் கற்றுக்கொள்" என்று தூண்டியவர் அவர்தான். பாட்டியாலா பாணி உஸ்தாத் அப்துல் ரகுமான் கானிடம் பாடம். பயிற்சி கடுமையாகவே, வாணி பாங்கு வேலையை விட்டார். 1971இல் வசந்த் தேசாய் இசையில் 'குட்டி' என்ற இந்திப் படப்பாட்டு, ஒரே நாளில் நாடு முழுக்கப் பிரபலம். 1974இல் எம்.எஸ். விசுவநாதன் இசையில் 'தீர்க்க சுமங்கலி'யின் மல்லிகைப் பாட்டு. அதைக் கேட்காத தமிழ் வீடு உண்டா? அடுத்த வருஷமே 'அபூர்வ ராகங்கள்'. அதற்குத் தேசிய விருது. பிறகு 'சங்கராபரணம்', 'ஸ்வாதி கிரணம்' என்று மொத்தம் மூன்று.

2018இல் கணவர் போனார். 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள். அதைக் கையில் வாங்குவதற்குள், பிப்ரவரி 4 அன்று சென்னை வீட்டில் வாணியும் மறைந்தார்.

சரி, கடிதத்துக்கு வருவோம்

சகோதரி, எல்லோரும் சுசீலா ஆகிவிட முடியாது. உங்கள் மகள் சினிமாவில் பாட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பிரேயரில் பத்துப் பேர் குரல் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்று டீச்சர் நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் கும்பலில் ஒட்டாத குரல் தனியாகப் பாடவும் லாயக்கில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? பள்ளி ஆண்டு விழாவில் தனியாக ஒரு பாட்டுக்கு வாய்ப்புக் கேளுங்கள். எட்டுக் கட்டையில் கத்த வைக்காமல், அவளுக்குச் சௌகரியமான சுருதியில் பாடச் சொல்லுங்கள். சேலத்தில் பாட்டு வாத்தியார் யாரிடமாவது வாரம் ஒரு நாள் கூட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. படிப்புக்கு அது இடைஞ்சல் இல்லை. பாங்கு வேலை பார்த்த வாணியைப் பாருங்கள்.

உங்கள் கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது. மகள் நிறுத்திவிடுவாளோ என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் நிறுத்தியதை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்? சனிக்கிழமை பஜனைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு நீங்களே போய் உட்காருங்கள். இரண்டு பேரும் பாடுங்கள். மாமியார் என்ன சொல்வார்? "பாட்டு நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்று ஒரு நாள் சொல்லத்தான் போகிறார்.

குரல் காக்கச் சில குறிப்புகள்

* பருவம் வரும்போது பையன்களுக்கு மட்டுமல்ல, பெண் குழந்தைகளுக்கும் குரல் கொஞ்சம் இறங்கும், கரகரக்கும். அது நோயல்ல. அந்தச் சமயத்தில் உச்ச ஸ்தாயியில் கட்டாயப்படுத்த வேண்டாம்.

* நாள் முழுக்க அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் தொண்டை வலிக்கு இதம். ஆனால் அந்தத் தண்ணீர் குரல் நாண் வரை போகாது. கட்டிய குரலுக்கு ஓய்வுதான் மருந்து.

* குரல் கட்டியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசுவதும் சிரமம்தான். பேசாமல் இருப்பதே உத்தமம். மாடியிலிருந்து தெருவில் விளையாடும் பிள்ளையைக் கத்திக் கூப்பிடும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும்!

* ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள். தேன் நல்லதுதான், ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் துளிகூடக் கூடாது.

* மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த இதழில் டிசம்பர்க்காரர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நின்றுபோன பாட்டை மறுபடி தொடங்கியவர்கள் உங்களில் இருந்தால், ஒரு கார்டு போடுங்கள். எப்படித் தொடங்கினீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். மற்ற சகோதரிகளுக்கு அது தைரியம் தரும்.