பேரை மட்டும் தெளிவாச் சொல்லு

புக்கிட் ரோத்தானில் நான் பசியாறும் கடையில் ரொட்டி சானாய் போடும் அண்ணன் ராமநாதபுரத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். நான் வானொலியில் பேசுபவள் என்று தெரிந்ததிலிருந்து, தே தாரேக் ஆறுவதற்குள் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுவார். போன வாரம் கேட்டது: "ஏம்மா, உங்க ரேடியோவுக்கு இப்பவும் கார்டு போடலாமா?"

வாட்ஸ்அப் போதும் என்றேன். சிரித்தார். "எங்களுக்குச் சிலோன் ரேடியோதாம்மா ரேடியோ."

சொந்த நாட்டு வானொலி இருக்க, கடலுக்கு அந்தப் பக்கத்து வானொலி எப்படி ஊர் வானொலியானது? உலகப் போரின்போது நேசப் படைகள் கொழும்புக்கு வடக்கே ஏக்கலவில் சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பியை அமைத்தன. போர் முடிந்ததும் அது இலங்கைக்கே வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அது அருகிப்போக, கேட்கிறவர்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். 1957இல் டில்லி இறங்கிவந்து விவித் பாரதியைத் தொடங்கியது. ஆனால் ராமநாதபுரம் பக்கம் முள் அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என்று குரல்களே சொந்தக்காரர்கள் ஆகியிருந்தன. அவர்கள் நேயர் பெயரை ஊரோடு சேர்த்து, நிறுத்தி வாசிப்பார்களாம். நாங்கள் இப்போது பத்துப் பெயரை ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறோம். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

அண்ணன் பன்னிரண்டு வயதில் ஆத்தா பெயரில் கார்டு போட்டார். வெளிநாட்டுத் தபால், கூடுதல் காசு. சேர்த்துவைத்த காசு அதிலேயே போனது. ஒருநாள் பெயர் வந்தது. தெருவே கேட்டது. ஆத்தா மட்டும் தண்ணீருக்குப் போயிருந்தார்.

"மறுபடி போடலியா?"

"போடணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள 83 கலவரம். அந்தக் கரையிலேர்ந்து சனங்க படகுல வந்து இறங்குனாங்க. அப்புறம் பாட்டுக்குக் கார்டு போட யாருக்கு மனசு வரும்?"

ஆத்தாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. "எப்படிச் சொன்னாங்கடா?" என்று இன்னமும் கேட்கிறாராம்.

பில் தாளின் பின்பக்கம் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்தார். என் நிகழ்ச்சி சனிக்கிழமை காலையில். பேரன் அங்கே கைப்பேசியில் போட்டுக் காட்டுவான். என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன்.

"எதையாவது போடும்மா. பேரை மட்டும் தெளிவாச் சொல்லு. அன்னைக்கு ஆத்தாவை எங்கயும் போகவிடாமப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."