குழாயடியும் வைஃபையும்

இரவு எட்டு மணி ஆனால் போதும், எங்கள் அடுக்குமாடியில் வைஃபை படுத்துவிடும். மின்தூக்கி அதற்கு முன்பே படுத்திருக்கும். மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க மடிக்கணினியைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சம்பளமே அந்த வட்டத்தில்தான் சுற்றுகிறது.

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் பல, இன்று அடுக்குமாடிகளில் இருக்கின்றன. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் லயமே சேர்ந்து கிராணியிடம் போகும். இங்கே கதவைச் சாத்திக்கொண்டு, ஆளுக்கொரு போன் போட்டு, காத்திருப்புப் பாட்டைக் கேட்கிறோம்.

கோளாறு இரண்டு வகை. ஒன்று, வீட்டுக்குள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ஒரே மாடியில் பத்து வீடு என்றால் நெரிசல் வராமல் என்ன செய்யும்? 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள். அது சுவரைத் தாண்டச் சிரமப்படும். அதனால் ரூட்டரைச் சாமி மேடைக்குப் பின்னால் ஒளிக்காமல், வீட்டின் நடுவே உயரமாக வையுங்கள்.

மற்றொன்று, வீட்டுக்கு வெளியே. கம்பி நிறுவனத்துடையது என்றாலும், அது ஏறிவரும் அறை, மின்தூக்கியைப் போலவே, பொதுச்சொத்து. அறை பூட்டிக் கிடந்தால் பழுதுபார்க்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். பொதுச்சொத்தைப் பராமரிப்பது, 2013ஆம் ஆண்டின் அடுக்கக நிர்வாகச் சட்டப்படி, நிர்வாகத்தின் கடமை. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது ஆண்டுப் பொதுக்கூட்டம்.

சிக்கல் இங்கேதான். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்த உரிமையாளர் அக்கூட்டத்தில் வாக்களிக்க முடியாது. “மின்தூக்கியே ஓடல, எதுக்குக் கட்டணும்?” என்கிறோம். கட்டாததால் வாக்கு இல்லை. வாக்கு இல்லாததால் கேட்க ஆளில்லை.

நிர்வாகம் அசையாவிட்டால், 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்க அடுக்கக நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. இணைய நிறுவனம் அசையாவிட்டால், அங்கே கொடுத்த புகாரின் எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம்.

ஒரு வீட்டுப் புகாரைத் தட்டிக்கழிப்பது சுலபம். நாற்பது வீட்டுக் கையெழுத்தை அப்படித் தள்ள முடியாது. இந்த வாரம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “உங்க வீட்டுல லைன் எப்படிங்க?” என்று கேட்டுப் பாருங்கள்.