நேரில் கண்டவர்கள் சொல்லட்டும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பெரியோர் வாக்கு. அதை மதிக்கும் நாங்கள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் பணிவோடு கேட்க விரும்புகிறோம். கண்ணால் கண்டவர் ஒருவருமே இல்லாமற் போய்விட்டால், பிறகு யாரிடம் சென்று விசாரிப்பது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றிப் படித்தபோது எழுந்த கேள்வி இது. அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. இரு முனையும் கூர்மையான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிரணியினர் மேலே பாய்ந்து வீழ்த்துவார்கள். தப்பி ஓடி எதிர்க்கோட்டைக் கடந்துவிட்டால் ஆறு புள்ளி. காலால் உதைப்பதும் உண்டு, ஆனால் அது கொஞ்சம்தான். வளையப்பந்து ஆடிப் பழகிய எங்களுக்கு இது பந்தோடு நடக்கும் மல்யுத்தமாகவே தோன்றுகிறது! ஆனால் அங்கே இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில், கல்லூரி மாணவர்கள் ஆடும் இந்த ஆட்டத்தைக் காண ஊரே திரண்டு வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 1,00,000 பேருக்கு மேல் அமரலாம். தாத்தா கண்ட வீரனைப் பற்றிப் பேரன் பெருமை பேசுவது அங்கே வழக்கம்.

அப்படிப் பேசப்பட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ரெட் கிரேஞ்ச். கோடை விடுமுறையில் வீடு வீடாக ஐஸ் கட்டி சுமந்து விற்ற இளைஞர் அவர். 1924 அக்டோபர் 18-ஆம் நாள் இலினாய் பல்கலைக்கழகத்தின் புதிய மைதானத்துக்குத் திறப்பு விழா. முதல் உலகப் போரில் மாண்ட இலினாய் மக்களின் நினைவாகக் கட்டப்பட்ட மைதானம் அது. எதிரே வலிமை மிக்க மிச்சிகன் அணி. அன்று வெயில் கடுமையாக இருந்ததால், காலில் அணிந்திருந்த கம்பளி உறைகளைக் கழற்றிவிடுமாறு இலினாய் பயிற்சியாளர் சொன்னார். வெறுங்காலோடு வந்தவர்களைக் கண்ட மிச்சிகன் அணியினர், கால்களில் ஏதேனும் எண்ணெய் தடவியிருக்கிறார்களோ என்று ஐயுற்றுத் தொட்டுப் பார்த்தார்களாம். ஆட்டம் தொடங்கியதும் தம்மிடம் வந்த முதல் பந்தை எடுத்துக்கொண்டு கிரேஞ்ச் 95 கெஜம் ஓடிக் கோட்டைக் கடந்தார். அடுத்து 67 கெஜம், பிறகு 56, பிறகு 44. முதல் 12 நிமிடங்களில் நான்கு முறை! முடிவில் இலினாய் 39, மிச்சிகன் 14.

இந்தக் கெஜக் கணக்கெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இதற்கு நேரில் கண்டவர் தேவையில்லை என்று சிலர் சொல்லலாம். மேலும், முதியவர் வாயில் 95 கெஜம் நூறாகிவிடும் என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. அன்று நானும் அங்கிருந்தேன் என்று சொன்ன எல்லாரையும் உட்கார வைத்தால் இன்னும் இரண்டு மைதானம் கட்ட வேண்டியிருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லவும் தோன்றுகிறது. கிரேஞ்சாவது 1925-இல் தொழில்முறை அணியான சிகாகோ பேர்ஸில் சேர்ந்து நாடெங்கும் ஆடினார். அவரைக் கண்டவர்கள் பலர். கல்லூரியில் ஆடியதோடு வாழ்வே முடிந்துபோனவர்களின் கதை வேறு.

நைல் கின்னிக் அத்தகையவர். தொழில்முறை அணிகள் இல்லாத அயோவா மாநிலத்தில், முந்தைய ஆண்டு ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் வென்றிருந்த பல்கலைக்கழக அணியை 1939-இல் தலைநிமிரச் செய்தவர். அந்த ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், கத்தோலிக்கக் கல்வி நிலையங்களில் பெரும்புகழ் பெற்ற நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அணி அயோவாவுக்கு வந்தது. கின்னிக்கே கோட்டைக் கடந்தார். தொடர்ந்து, பந்தைத் தரையில் விட்டு, அது துள்ளும்போது உதைத்து ஒரு புள்ளி சேர்த்தவரும் அவரே. அயோவா 7, நோட்டர் டேம் 6. (நோட்டர் டேம் தோற்றதை நம் அருட்சகோதரிகள் பொறுத்தருள்வார்களாக.)

அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் போர் தொடங்கிவிட்ட நேரம். விருதைப் பெற்றுப் பேசிய கின்னிக், தாம் போர்க்களத்தில் நிற்காமல் விளையாட்டுக் களத்தில் நிற்பதற்காக இறைவனுக்கு நன்றி கூறினார். தொழில்முறை அணி அழைத்தும் போகாமல் சட்டம் படிக்கச் சேர்ந்தார். பின்னர் கடற்படை விமானியானார். 1943 ஜூன் 2-ஆம் நாள், பயிற்சியின்போது வெனிசுவேலாவை அடுத்த கடலில் அவருடைய விமானம் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. வயது 24. 1972-இல் அயோவா மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஆனால் அவர் ஆடியதைக் கண்ட கண்கள் இன்று எத்தனை இருக்கும்? பத்து வயதில் தந்தையின் தோள்மீது அமர்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்த சிறுவன் இன்று இருந்தால் 95 வயதைத் தாண்டியிருப்பார்.

எங்கள் மனத்தை மிகவும் தொட்டவர் எர்னி டேவிஸ். நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் பல்கலைக்கழக மாணவர். 1961-இல் ஹைஸ்மன் விருது பெற்ற முதல் கறுப்பின வீரர். அவருடைய வாழ்க்கையை வைத்து 2008-இல் ஒரு திரைப்படம் எடுத்தார்கள். அதில் 1959-ஆம் ஆண்டு வெஸ்ட் வர்ஜீனியா அணியோடு நடந்த ஆட்டம் ஒரு முக்கியக் காட்சி. ஆட்டம் வெஸ்ட் வர்ஜீனியாவில் நடப்பதாகவும், அங்குள்ள கூட்டம் டேவிஸை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதாகவும் அது காட்டுகிறது. உண்மையில் அந்த ஆண்டு ஆட்டம் நடந்தது சிரக்யூஸ் நகரில்! அன்று களத்தில் இருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். அப்படி நடக்கவே இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். இன்னும் முப்பது ஆண்டு கழித்து அந்தப் படம் வந்திருந்தால், மறுத்துப் பேச யார் இருந்திருப்பார்கள்? படத்தில் கண்டதே வரலாறாகியிருக்கும்.

ஆனால் நேரில் கண்டவர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1960 ஜனவரி 1-ஆம் நாள் டல்லாஸ் நகரில் சிரக்யூஸ் அணி டெக்சாஸ் அணியைச் சந்தித்தது. தொடையில் காயத்தோடு இறங்கிய டேவிஸ், ஆட்டத்தின் தொடக்கத்திலேயே 87 கெஜத்தில் ஒரு வெற்றி ஓட்டத்தை முடித்தார். 23-க்கு 14 என்று சிரக்யூஸ் வென்றது. டெக்சாஸ் அணியில் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் கறுப்பின மாணவர் ஒருவர் ஆட 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்டத்தின் நடுவே இரு அணியினரும் கைகலந்தார்கள். நிறத்தைச் சொல்லி ஏசினார்கள் என்று சிரக்யூஸ் வீரர்கள் குற்றம் சாட்டினார்கள். அன்று அங்கே அமர்ந்திருந்த ஆயிரமாயிரம் பேர் வீட்டுக்குப் போய் அந்த 87 கெஜத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். மற்றதையும் சொல்லியிருப்பார்களா? நல்லதை உரக்கச் சொல்வதும், நாணத்தக்கதை விழுங்கிவிடுவதும் மனித இயல்பு அல்லவா?

ஆகவே முதியவர்களிடம் கேட்பவர்கள் எப்படி ஆடினார் என்று மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. கூட்டம் என்ன கத்தியது? உங்கள் பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார்? அப்போது நீங்கள் பேசாமல் இருந்தீர்களா? கேட்பது சங்கடந்தான். ஆயினும் அந்தக் கல்லூரிகள் வெற்றிக் கோப்பைகளைத் துடைத்து வைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது இதில் காட்டினால், தீர விசாரிக்கும் வேலை அரைவாசி முடிந்துவிடும். சிரக்யூஸில் டேவிஸ் ஆடிய பழைய மைதானத்தைக் கூட இடித்து, அதே இடத்தில் 1980-இல் கூரையிட்ட புது அரங்கம் திறந்துவிட்டார்கள்.

விருது பெற்ற டேவிஸைத் தொழில்முறை அணியான கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் சேர்த்துக்கொண்டது. 1962 கோடையில் அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1963 மே 18-ஆம் நாள் இறந்தார். வயது 23. அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. 1962-இல், முன்பயிற்சி ஆட்டம் ஒன்றின்போது, கிளீவ்லண்ட் மைதானத்தில் ஒருமுறை மட்டும் கூட்டத்தின் முன் தோன்றினார். ஒற்றை விளக்கின் ஒளி அவரைத் தொடர்ந்து வர, களத்துக்குள் ஓடி வந்தார். அவ்வளவுதான். எந்தக் கெஜக் கணக்கிலும் அந்த ஓட்டம் இல்லை. அவர் எப்படி ஓடி வந்தார், கூட்டம் எழுந்து நின்றதா, அல்லது ஒலியடங்கி இருந்ததா என்பதையெல்லாம் அன்று அங்கிருந்தவர்களில் எஞ்சியிருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.